விற்ற பாட்டும் விடுபட்ட பாட்டும்: பாப் மார்லியின் ‘லெஜண்ட்’ தொகுப்பை முன்வைத்து



அண்ணனின் நினைவுச் சொற்பொழிவில் ஜமைக்காவுக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அண்ணன் பாட்டுக் கட்டியவர், பறையோடு மேடையில் நின்று பாடியவர். அவர் விட்டுச்சென்ற ஐந்து நோட்டுகளை அச்சுக்குக் கொண்டுவரும் வேலையில் ஓராண்டாக இருக்கிறோம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நமக்குள் எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் பாப் மார்லியின் ‘லெஜண்ட்’ என்ற தொகுப்பு உருவான வரலாற்றை மறுபடியும் தேடிப் படித்தோம். ஒரு பாடகர் செத்த பிறகு அவருடைய பாட்டில் ‘சிறந்தது’ எது என்று யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவுக்குப் பிறகு அந்தப் பாடகர் என்ன ஆகிறார் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

நாங்கள் மார்லியை முதலில் கேட்டது இந்தத் தொகுப்பின் வழியாகத்தான். விடுதியில் தங்கி எம்.ஏ. சமூகவியல் படித்த காலத்தில், யாரோ யாரிடமோ வாங்கிப் பதிவுசெய்த கேசட் ஒன்று அறை அறையாகச் சுற்றியது. அதன் அட்டையில் பேனாவால் ‘லெஜண்ட்’ என்று எழுதியிருந்தது. அதுதான் மார்லி என்று நினைத்தோம். அதற்கு வெளியே வேறு பாட்டு இருக்கும் என்று தோன்றவே இல்லை. ‘நோ வுமன் நோ க்ரை’ என்ற பாட்டுக்கு, பெண் இல்லையென்றால் அழுகை இல்லை என்று பொருள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் பையன்கள். ஜமைக்கப் பேச்சுமொழியில் அதற்கு அது பொருளே அல்ல என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ‘வேணாம் தாயி, அழாதே’ என்று தேற்றுகிற பாட்டு அது. கிங்ஸ்டன் நகரத்தின் டிரெஞ்ச் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பில், அரசு கட்டிக்கொடுத்த வளவு வீடுகளில், இருக்கிற கஞ்சியைப் பகிர்ந்து குடித்த நாட்களை நினைத்து ஒரு பெண்ணுக்குச் சொல்லும் ஆறுதல். அதைப் பெண்ணைப் பழிக்கும் வேடிக்கையாக நாங்கள் கேட்டோம். பாட்டு எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிட்டால் கேட்பவர் காதில் அதன் பொருளும் மாறிப்போகிறது.

முதலில் விவரங்கள். பாப் மார்லி 1945 பிப்ரவரி 6 அன்று ஜமைக்காவின் செயின்ட் ஆன் வட்டாரத்தில் நைன் மைல் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். தாய் கறுப்பினப் பெண், தந்தை வெள்ளையர். 1981 மே 11 அன்று மயாமியில் புற்றுநோயால் இறந்தபோது வயது 36. மூன்றாண்டு கழித்து, 1984 மே மாதம், ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அவருடைய 14 பாடல்களைத் தொகுத்து ‘லெஜண்ட்’ என்ற பெயரில் வெளியிட்டது. இங்கிலாந்தில் 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. உலகம் முழுவதும் இரண்டரைக் கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ரெகே இசையில் இதைப்போல் விற்ற தொகுப்பு வேறு கிடையாது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 800 வாரங்களுக்கு மேல் இடம்பிடித்திருக்கிறது. உயிரோடு இருந்தபோது மார்லியின் எந்தத் தட்டும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இந்த 14 பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் டேவ் ராபின்சன். இங்கிலாந்தில் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்தியவர், அப்போதுதான் ஐலண்டின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்திருந்தார். மார்லியின் புகழுக்கும் விற்பனைக்கும் பொருத்தமே இல்லையே என்று அவருக்கு வியப்பு. சந்தை ஆய்வு செய்ய ஆள் வைத்தார். வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்து ஆட்களை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். பாட்டு அவர்களுக்குப் பிடித்திருந்தது. அந்தச் சடைமுடி, அந்தக் கோபம், அந்தப் புகை, அந்த அரசியல், இவைதான் பயமாக இருந்தன. ஆகவே அவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை விற்பது என்று முடிவாயிற்று. மார்லியை வெள்ளையர் உலகத்துக்கு விற்பதே தன் நோக்கமாக இருந்தது என்று ராபின்சன் பின்னாளில் பேட்டியில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். அட்டைக்கு ஆட்டம் போடும் மார்லியோ கையை உயர்த்திய மார்லியோ இல்லாமல், ஏதோ சிந்தனையில் அமைதியாக இருக்கும் மார்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘ஒன் லவ்’ பாட்டுக்கு எடுத்த வீடியோவில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வந்துபோகிறார்.

பறை வேண்டும், பறையடிக்கிறவர் திண்ணைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்கிற ஊரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஆய்வு முடிவில் புதிதாக ஒன்றும் இல்லை.

எதைக் கழித்தார்கள் என்று பார்க்க 1977இல் வந்த ‘எக்சோடஸ்’ தட்டை எடுத்துக்கொள்வோம். அது எந்தச் சூழலில் உண்டானது என்பது முக்கியம். 1976 டிசம்பர் 3 அன்று, தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த கிங்ஸ்டனில், மார்லியின் வீட்டுக்குள் புகுந்து துப்பாக்கியால் சுட்டார்கள். அவருக்கும் மனைவி ரீட்டாவுக்கும் குண்டடி. இரண்டு நாள் கழித்து, காயத்தோடு மேடையேறிப் பாடிவிட்டு மார்லி நாட்டை விட்டுப் போனார். லண்டனில் இருந்தபடி உருவாக்கியதுதான் அந்தத் தட்டு. பழைய இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு. குற்றம், பழி, துரோகம், விடுதலைப் பயணம் எல்லாம் அங்கே. இரண்டாவது பக்கத்திலும் ஐந்து. அவை காதல், கொண்டாட்டம், நம்பிக்கை. ‘லெஜண்ட்’ எடுத்துக்கொண்டது இரண்டாவது பக்கத்தில் நான்கு பாட்டு, முதல் பக்கத்தில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் தட்டின் தலைப்புப் பாட்டு, விட முடியாது.

குண்டடி பட்டவர் ‘கவலைப்படாதே’ என்று பாடுவதும், கவலையே இல்லாத ஒருவர் அதைப் பாடுவதும் ஒன்றா? முதல் பக்கத்தைக் கேட்டு முடித்துத் தட்டைத் திருப்பிப் போடுகிறவருக்கு, இரண்டாவது பக்கத்தின் இனிமை எவ்வளவு பெரிய விலை கொடுத்து வாங்கியது என்று தெரியும். ‘லெஜண்ட்’ அந்தத் திருப்பலை இல்லாமல் ஆக்கியது. அதன் பிறகு ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ குழந்தைகளைத் தூங்கவைக்கும் பாட்டாயிற்று. ‘ஒன் லவ்’ ஜமைக்காவின் சுற்றுலா விளம்பரப் பாட்டாயிற்று. அந்தப் பாட்டின் நடுவில், தன் லாபத்துக்காக மனிதகுலத்தையே புண்படுத்தியவனுக்குப் போக்கிடம் உண்டா என்று ஒரு கேள்வி வருகிறது. கடற்கரை ஓட்டல் விளம்பரத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படாது.

இன்னொரு விவரம். மார்லி உயிரோடு இருந்தபோது அமெரிக்கப் பட்டியலில் மிக உயரத்துக்குப் போன தட்டு 1976இல் வந்த ‘ராஸ்தாமேன் வைப்ரேஷன்’. எட்டாமிடம். அதிலிருந்து ஒரு பாட்டுகூட ‘லெஜண்ட்’டில் இல்லை. அதில்தான் ‘வார்’ இருக்கிறது. 1963 அக்டோபர் 4 அன்று எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி ஐ.நா. பொதுச்சபையில் ஆற்றிய உரையை ஏறத்தாழ அப்படியே எடுத்து மெட்டுப் போட்டது அது. ஓர் இனம் மேல், ஓர் இனம் கீழ் என்கிற தத்துவம் ஒழியும்வரை அமைதி கிடையாது என்பதுதான் அந்த உரையின் சாரம். 1979இல் வந்த ‘சர்வைவல்’ தட்டிலிருந்தும் ஒன்றும் எடுக்கவில்லை. அந்தத் தட்டின் அட்டை முழுக்க ஆப்பிரிக்க நாடுகளின் கொடிகள். தலைப்புக்குப் பின்னால் அடிமைக் கப்பலில் மனிதர்களை அடுக்கிவைத்த அந்தப் பழைய வரைபடம். அதிலுள்ள ‘ஜிம்பாப்வே’ பாட்டைப் போராளிகளே பாடினார்கள். 1980 ஏப்ரலில் அந்த நாடு விடுதலையடைந்த இரவில் ருஃபாரோ மைதானத்தில் பாட மார்லி அழைக்கப்பட்டார். இசைக்கருவிகளையும் ஒலிபெருக்கிகளையும் தன் செலவிலேயே கொண்டுபோய் இறக்கினார். உள்ளே வர முடியாத ஏழை மக்கள் வெளியே முண்டியடித்தார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. புகை மேடைவரை வந்தது. விருந்தாளிகளுக்காக முதல் இரவு, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காக அடுத்த இரவும் பாடினார். ஒரு நாட்டின் பிறப்பில் பங்குகொண்ட அந்தப் பாட்டு, இரண்டரைக் கோடி விற்ற ‘சிறந்த பாடல்களில்’ சேரவில்லை.

கழிக்கப்பட்டது அரசியல் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கழிக்கப்பட்டது ஒரு சமூகம். ராஸ்தாக்கள் யார் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜமைக்காவில் அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிந்து 1838இல் உண்மையாக முடிந்தது. அடிமைகளை இழந்ததற்காக முதலாளிகளுக்குப் பிரிட்டிஷ் அரசு தன் பேரரசு முழுவதும் 2 கோடி பவுன் நட்டஈடு கொடுத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை. கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டும் என்று 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். ராஸ்தாக்கள் புகைக்கும் இலைக்கு ஜமைக்காவில் இன்றும் ‘கஞ்சா’ என்றுதான் பெயர். நம் நாட்டுக் கூலிகளோடு போன சொல் அது. 1930இல் ஹைலி செலாசி முடிசூடியபோது, கறுப்பு அரசர் ஒருவர் வந்துவிட்டார், ஆண்டவன் நம் நிறத்தில் இருக்கிறான் என்று நம்பிய ஏழைகள் தனி மார்க்கமாகத் திரண்டார்கள். அவர்களுடைய முதல் தலைவர்களில் ஒருவரான லியோனார்ட் ஹோவெலை ராஜதுரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். அவர் மலையில் அமைத்த பினக்கிள் குடியிருப்பை 1954இல் போலீஸ் புகுந்து அழித்தது. விடுதலை வந்து ஒரு வருடம்கூட ஆகாத 1963 ஏப்ரலில், கோரல் கார்டன்ஸ் கலவரத்துக்குப் பிறகு, நூற்றுக்கணக்கான ராஸ்தாக்களைப் பிடித்து அடைத்து அடித்தார்கள், சடையை அறுத்தார்கள். அதற்கு ஜமைக்க அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல். வேலை கிடைக்காது, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள், பெற்றோரே வீட்டுக்குள் விட மாட்டார்கள். அந்தக் கூட்டத்தின் குரலாக நின்றவர் மார்லி. அவர் இறந்ததும் அதே அரசு அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. செத்த பிறகு ஒடுக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் மரியாதை எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1986இல் ஐலண்ட் இன்னொரு தொகுப்பை வெளியிட்டது. பெயர் ‘ரெபெல் மியூசிக்’. ‘லெஜண்ட்’டில் விடுபட்ட கலகப் பாட்டுகள் பல அதில் இருந்தன. விடுபட்டதைக் கொடுத்துவிட்டார்களே என்று யாராவது சொல்லக்கூடும். எங்களுக்கு அது தனிக் குவளையாகத்தான் தெரிகிறது. எல்லோருக்குமானது இங்கே, உங்களுக்கானது அங்கே. அது ‘லெஜண்ட்’டின் விற்பனைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பதில் வியப்பும் இல்லை. நம்முடைய எழுத்துகளுக்குப் புத்தகக் கண்காட்சிக் கடைகளில் ‘தலித் இலக்கியம்’ என்று ஒரு தட்டு ஒதுக்கிவிட்டு, ‘தமிழ் இலக்கியம்’ என்ற தட்டை வேறு இடத்தில் வைக்கிறார்களே, அதே ஏற்பாடு.

இதை வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் செய்த மோசடி என்று சுருக்கிவிட்டால் வேலை சுலபம். அப்படிச் சுருக்க முடியாது. மென்மையாக்கும் வேலை மார்லி இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடே தொடங்கிவிட்டது. ஐலண்டின் முதலாளி கிறிஸ் பிளாக்வெல் ஜமைக்காவில் வளர்ந்த வெள்ளையர். அவருடைய தாய்வழிக் குடும்பம் கரும்பு, வாழை, ரம் வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தது. 1972இல் கிங்ஸ்டனில் பதிவான பாட்டுகளை மார்லி லண்டனுக்குக் கொண்டுவந்தார். ராக் இசை கேட்கும் வெள்ளை இளைஞர்களுக்கு ஏற்றதாக, அமெரிக்க கிதார்க் கலைஞர் வெய்ன் பெர்கின்ஸை வைத்து அவற்றின்மேல் புதிய வாசிப்பைச் சேர்த்தார்கள். அதுதான் 1973இல் வந்த ‘கேட்ச் எ ஃபயர்’. அந்த முதல் இரண்டு தட்டுகளும் ‘தி வெய்லர்ஸ்’ என்ற பெயரில்தான் வந்தன. மார்லி, பீட்டர் டோஷ், பன்னி லிவிங்ஸ்டன் மூவரும் டிரெஞ்ச் டவுனிலிருந்து சேர்ந்தே வந்தவர்கள். டோஷும் பன்னியும் விலகியதும் ‘பாப் மார்லி அண்ட் தி வெய்லர்ஸ்’ ஆயிற்று. பின்னால் வந்த மறுபதிப்புகளில் பழைய தட்டுகளுக்கும் அந்தப் பெயரே போனது. ‘கெட் அப் ஸ்டாண்ட் அப்’ பாட்டை மார்லியோடு சேர்ந்து எழுதியவர் டோஷ். ‘லெஜண்ட்’ கேட்டு வளர்ந்த எத்தனை பேருக்கு அது தெரியும்? 1987இல் டோஷ் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மார்லி ஏன் சம்மதித்தார்? கேட்பவர் வேண்டும் என்பதற்காகத்தான். அவருக்கு உண்மையில் உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. அமெரிக்காவில் அவருடைய கச்சேரிக்கு வெள்ளைக்கார மாணவர்கள் வந்தார்கள், கறுப்பர்கள் அதிகம் வரவில்லை. கறுப்பர்களின் வானொலி நிலையங்கள் அவர் பாட்டைப் போடவில்லை. அதற்காகவே 1980 செப்டம்பரில், நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், கமோடோர்ஸ் என்ற கறுப்பர் குழுவுக்கு முன்னால் பாடும் துணைக்குழுவாகப் போக ஒப்புக்கொண்டார். உலகமெல்லாம் அரங்கு நிறைத்தவர், தன் மக்கள் காதில் விழ வேண்டும் என்று துணைக்குழுவாகப் போனார். அந்த நிகழ்ச்சி முடிந்த மறுநாள் சென்ட்ரல் பூங்காவில் ஓடும்போது விழுந்தார். நோய் மூளைவரை பரவியிருந்தது. செப்டம்பர் 23 அன்று பிட்ஸ்பர்க்கில் கடைசிக் கச்சேரி. கடைசிவரை அவர் தேடிப்போனது யாரை, மூன்றாண்டு கழித்து அவர் பெயரால் நிறுவனம் தேடிப்போனது யாரை என்று அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். மார்லி உயில் எழுதாமல் இறந்தார். சொத்து வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. பேஸ் கிதார் வாசித்து அந்த இசையின் முதுகெலும்பாக இருந்த ஆஸ்டன் பேரட், தனக்கும் தன் தம்பிக்கும் சேர வேண்டிய பங்கைக் கேட்டு லண்டன் நீதிமன்றம் போய் 2006இல் தோற்றார். இன்னொரு பக்கம், ‘நோ வுமன் நோ க்ரை’ பாட்டின் ஆசிரியராகப் பதிவாகியிருப்பவர் வின்சென்ட் ஃபோர்ட். டிரெஞ்ச் டவுனில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியவர், பையனாக மார்லியும் அங்கே சாப்பிட்டிருக்கிறார். பதிப்பு நிறுவனத்தோடு இருந்த சிக்கலுக்காகப் பெயரை மாற்றிப் போட்டார், பழைய கடனுக்காகப் போட்டார் என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். 2008இல் இறக்கும்வரை ஃபோர்டுக்கு அந்தப் பாட்டின் வருமானம் போனது. அந்தப் பாட்டு ‘லெஜண்ட்’டில் இருக்கிறது. அப்படியானால் நாம் குறை சொல்லும் அதே தொகுப்பு விற்ற காசில் டிரெஞ்ச் டவுன்காரர் ஒருவரும் பிழைத்திருக்கிறார். இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

அதைப்போலவே, சல்லடையில் தப்பி உள்ளே வந்ததும் உண்டு. ‘ரிடெம்ப்ஷன் சாங்’ அந்த 14இல் ஒன்று. கிதார் மட்டும் வைத்துப் பாடியது, கேட்க மென்மையாக இருக்கும். அதனால்தான் விட்டிருப்பார்கள் என்பது எங்கள் ஊகம். ஆனால் அந்தப் பாட்டின் மையக் கருத்து மார்கஸ் கார்வியுடையது. மன அடிமைத்தனத்திலிருந்து நம்மை நாம்தான் விடுவித்துக்கொள்ள முடியும் என்று 1937இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கார்வி ஆற்றிய உரையிலிருந்து வந்தது. கார்வி பிறந்ததும் மார்லியின் அதே செயின்ட் ஆன் வட்டாரம்தான். 1914இல் இயக்கம் தொடங்கி, 1919இல் கறுப்பர்களுக்கென்று கப்பல் நிறுவனம் நடத்தி, அமெரிக்கச் சிறையில் இருந்து, 1927இல் நாடு கடத்தப்பட்டவர். அவரை வாழ்நாளில் கேட்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், யார் சொன்னது என்று தெரியாமலே அவர் வார்த்தையைக் கேம்ப்ஃபயர் சுற்றி உட்கார்ந்து பாடுகிறார்கள். இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று எங்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. எங்கள் விடுதிக் கேசட்டில் கடைசியாக நின்றதும் அந்தப் பாட்டுதான். அது எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் நாங்கள் கார்வியிடம் போனோம், கார்வியிலிருந்து டு போய்ஸ், டு போய்ஸிலிருந்து 1946இல் அம்பேத்கர் அவருக்கு எழுதிய கடிதம். ராபின்சன் இல்லாவிட்டால் அந்தக் கேசட் எங்கள் அறைக்கு வந்திருக்காது.

அம்பேத்கர் என்றதும் 1936 நினைவுக்கு வருகிறது. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்துவிட்டு, சில பகுதிகளை மட்டும் நீக்கித் தரக் கேட்டது. சாதியைத் தாக்குவது சரி, வேதங்களையும் இந்து மதத்தையும் தொடுவது மட்டும் வேண்டாம். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று மறுத்து, நடக்காத மாநாட்டின் உரையைத் தன் செலவில் புத்தகமாக அச்சிட்டார். ‘சாதி ஒழிப்பு’ நம் கைக்கு முழுதாக வந்தது அப்படித்தான். அதைச் செய்ய அவர் உயிரோடு இருந்தார் என்பதே மார்லிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு. இன்று அவரையும் சட்டம் எழுதியவர் என்ற ஒரே பாட்டுக்குள் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அண்ணன். உங்களில் பலர் அறிந்த கதைதான். ஒரு ஒலிநாடா நிறுவனம் அவரைக் கூப்பிட்டுப் பத்துப் பாட்டுப் பதிவு செய்தது. டீக்கடைப் பாட்டு வேண்டாம், சுடுகாட்டுப் பாதைப் பாட்டு வேண்டாம், ஊர்ப்பெயர் வருகிற எதுவும் வேண்டாம், எல்லாரும் கேட்கிற மாதிரி மண்வாசனையாகக் கொடுங்கள் என்றார்கள். நாற்று, கும்மி, மழை, தாலாட்டு என்று பத்தும் போனது. நன்றாக விற்றது. திருவிழா ஒலிபெருக்கிகளில், அவரைக் கோயிலுக்குள் விடாத ஊரிலேயே அவர் குரல் கேட்டது. நாம் கோபப்பட்டோம். அந்தப் பணத்தில்தான் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியதாக ஒருநாள் மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு நாம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது நோட்டுகள் நம் கையில். டீக்கடைப் பாட்டும் சுடுகாட்டுப் பாதைப் பாட்டும் முதல் நோட்டிலேயே இருக்கின்றன. கூடவே அக்காவை நினைத்து எழுதிய காதல் பாட்டுகள் இருக்கின்றன. சாராயக்கடையைப் பற்றிக் கொஞ்சம் கொச்சையாக ஒரு பாட்டு இருக்கிறது. ஒரு சினிமா நடிகரைப் புகழ்ந்து இளவயதில் எழுதியது இருக்கிறது. பின்னாளில் நாம் எதிர்த்த ஒரு கட்சிக்குத் தேர்தல் பாட்டும் இருக்கிறது. முதல் பட்டியல் தயாரானபோது இவையெல்லாம் அதில் இல்லை. போராளி என்ற அண்ணனின் உருவம் சிதைந்துவிடும் என்று காரணம் எழுதியிருந்தோம். அந்தப் பட்டியலைத் தயாரித்தது எந்த நிறுவனமும் இல்லை, நாங்கள்தான். ‘எக்சோடஸ்’ தட்டைப் பற்றிப் படித்த அன்று அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். ராபின்சன் முதல் பக்கத்தைக் கழித்தார், நாங்கள் இரண்டாவது பக்கத்தைக் கழித்திருந்தோம். 1978இல் மார்லியின் ‘காயா’ தட்டு வந்தபோது, காதலும் அமைதியுமாக இருக்கிறதே, கலகக்காரன் எங்கே போனான் என்று கேட்ட விமர்சகர்களின் வரிசையில் நாங்களும் நின்றிருந்தோம். அதே வருடம் ஏப்ரலில்தான், ஆள் வைத்து வெட்டிக்கொண்டிருந்த இரு கட்சித் தலைவர்களான மான்லியையும் சியாகாவையும் மேடைக்குக் கூப்பிட்டு அவர்கள் கைகளைச் சேர்த்துப் பிடித்தார் அந்தக் ‘காயா’க்காரர்.

எல்லாவற்றையும் அச்சிடுவது என்று போன வாரக் கூட்டத்தில் பெரும்பான்மை முடிவானது. கட்சிப் பாட்டு விஷயத்தில் இரண்டு தோழர்கள் இன்னும் உடன்படவில்லை, அவர்களுடைய மறுப்பையும் முன்னுரையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம். பாட்டு எழுதிய வரிசையிலேயே போகும், தலைப்பு வாரியாகப் பிரிக்க மாட்டோம். உடன் பறையடித்தவர்கள், மெட்டுக் கொடுத்தவர்கள் பெயர்கள் அந்தந்தப் பாட்டின் கீழேயே வரும். இதில் ஒரு தடை இருக்கிறது. மூன்றாவது நோட்டிலுள்ள ஒன்பது பாட்டுக்கு மெட்டு எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பாட்டுகளின் முதலடிகளை எழுதி வாசல் மேசையில் ஒட்டியிருக்கிறோம். அண்ணனோடு மேடையேறியவர்களும், அவர் தெருவிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களும் கூட்டம் முடிந்ததும் போகாமல் இருந்து, தெரிந்ததைப் பாடிக் காட்ட வேண்டும். பதிவுக் கருவி தயாராக இருக்கிறது.